மயிரிழை அளவில் ஒரு மெருகு

வீதியிலே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் சென்றால் நின்று திரும்பிப் பாராத இளைஞர் அரியர். தரையோடு தாழ்ந்து செல்லும் அதன் உடலும், எஞ்சினின் உறுமலும் அவர் மனத்தைக் கொள்ளைகொள்கின்றன. ஆயினும் அந்த அழகைக் கண்ணுக்கு எடுத்துக் காட்டுவது அதன்மீது பூசப்பட்டுள்ள வர்ணமே என்பதை நம்மிற் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. 1961ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜெனீவா நகரில் நடைபெற்ற மோட்டார்க் கண்காட்சியில் ஜாகுவார் ஈ-ரைப் என்னும் கார் முதன்முதலாக வெளியிடப்பட்டபோது, கண்டோர் அதன் வளைவுகளைப் பார்த்து வியந்தனர். அவ்வளைவுகளின் மேல் ஒளி வழுக்கிச் சென்றமையாலன்றோ அவை வளைவுகளாகத் தோன்றின? அதே காரின் வர்ணம் மங்கி, வெண்புகை படர்ந்தாற்போலாகி, எங்கும் கீறல்கள் மலிந்துவிட்டால், வடிவம் மாறாதிருந்தும் வனப்புப் போய்விடுகிறது.

இவ்வாறு பொலிவிழந்த காரை என் செய்வது? பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பெயின்ற் அடிப்பது ஒரு வழி. பழைய பூச்சை அகற்றாமலே அதனைத் துலக்கி, மங்கிய ஒளியை மீட்பது மற்றொரு வழி. இவ்விரண்டாவது வழியையே தனித் தொழிலாகக் கொண்டோர் மேல்நாடுகளில் மட்டுமன்றி நம் நாட்டிலும் இன்று இருக்கின்றனர். ‘டீற்றெயிலிங்’ என்று அத்தொழிலுக்குப் பெயர். நம்மூர்க் கராஜ்களில் ‘கட் அன்ட் பொலிஷ்’ என்று வழங்கும் வேலையும் இதனோடு உறவுடையதே. இதனைச் சிறிது விரிவாக ஆராய்வது இவ்வாரம் நம் நோக்கமாகும். காரில்லாத வாசகர்கள் இதனால் நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மாணவர்க்கு இதில் பௌதிகமும் இரசாயனமும் உண்டு. குடும்பத்தினர்க்குச் சிக்கனம் பற்றிய பாடமும் உண்டு.

பூச்சு வளர்ந்த கதை

மோட்டார் வாகனம் தோன்றிய காலத்தில் அதற்கு வர்ணம் தீட்டும் முறை குதிரை வண்டிக்குத் தீட்டும் முறையாகவே இருந்தது. எண்ணெய் வார்ணிஷைத் தூரிகையாற் பூசி, உலரவிட்டு, தேய்த்து, மறுபடியும் பூசுவர். ஒரு கார் முற்றுப்பெற வாரக் கணக்கான காலம் செல்லும். போர்ட் கம்பெனியாரின் புகழ்பெற்ற ‘ரி’ மாதிரிக் கார் 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறம் ஒன்றிலேயே விற்பனையாயிற்று. இக்காலத்தில், அமெரிக்காவின் டூப்பொன்ற் கம்பெனியாரும் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பெனியாரும் ‘டியூக்கோ’ என்னும் நைத்திரோசெலுலோசு அரக்குப் பூச்சைக் கார்களுக்குக் கொண்டுவந்தனர். 1924ஆம் ஆண்டின் ஓக்லண்ட் கார் இப்பூச்சினால் நீல நிறத்தில் வெளிவந்து மக்களைக் கவர்ந்தது. விசிறி அடிக்கத் தக்கதாயும் விரைவில் உலரத் தக்கதாயும் இருந்தமையால், நிறங்கள் பலவும் சாதாரண மக்களின் கைக்கு எட்டின.

அக்காலத்துப் பூச்சுக்களுக்கெல்லாம் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. நிறம் தரும் பொடியும் பளபளப்புத் தரும் பசையும் ஒரே படையிற் கலந்திருந்தன. வெயிலும் காற்றும் மேற்பரப்பிலுள்ள பசையை அரிக்க அரிக்க, நிறப்பொடி தளர்ந்து சுண்ணாம்புத் தூள்போல மேலே தங்கும். பழைய கார்கள் வெளிறித் தோன்றுவது இதனாலேயே. 1980ஆம் ஆண்டுகளிலிருந்து பெரும்பாலான கார்களில் வேறொரு முறை வழக்கத்துக்கு வந்தது. நிறத்தை மெல்லிய படையாகப் பூசி, அதன்மேல் நிறமற்ற கண்ணாடி போன்ற தெளிபூச்சு ஒன்றை இடுவதே அம்முறை. கராஜ்களில் ‘கிளியர்’ என்பது இதனையே.

உங்கள் கார் எந்த வகையைச் சேர்ந்ததென்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. கண்ணிற் படாத ஒரு மூலையில், வெள்ளைத் துணியிற் சிறிது பொலிஷ் இட்டு மெல்லத் தேய்த்துப் பாருங்கள். காரின் நிறம் துணியில் ஏறினால் அது பழைய ஒற்றைப் பூச்சு. துணி வெள்ளையாகவே இருந்தால் மேலே தெளிபூச்சு இருக்கிறது.

மயிரின் பாதியளவு முதல்

தொழிற்சாலையிலிருந்து வரும் இக்காலத்துக் காரொன்றின் மேல் நான்கு படைகள் உள. இரும்புத் தகட்டைத் துருவினின்றும் காப்பது முதற்படை. மேடுபள்ளத்தைச் சமனாக்கும் அடிப்பூச்சு இரண்டாவது. நிறம் மூன்றாவது. தெளிபூச்சு நான்காவது. ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறிட்டால் அவற்றுள் ஒன்று ஒரு மைக்கிரோன் எனப்படும். இந்த நான்கு படைகளும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்கிரோன் தடிப்பே உடையன. அவற்றுள் தெளிபூச்சின் பங்கு ஏறத்தாழ 40 மைக்கிரோன். மனிதனின் தலைமயிர் ஒன்றின் தடிப்பு 70 மைக்கிரோன் அளவில் உள்ளதென்றால், நாம் பளபளப்பென்று போற்றுவது மயிரின் பாதியளவே உள்ள ஒரு படை என்பது விளங்கும்.

இந்த மெல்லிய படைக்குத் தொழில் இரண்டு. ஒன்று, ஒளியைக் கண்ணாடிபோலத் தெறிக்கச் செய்வது. மற்றது, சூரியனின் ஊதாக்கடந்த கதிர்களைத் தடுத்து, கீழேயுள்ள நிறத்தைக் காப்பது. இரண்டாவது தொழிலுக்காக அக்கதிர்களை உறிஞ்சும் பொருள்கள் தெளிபூச்சிற் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே தெளிபூச்சு மெலிந்தால் பளபளப்பு இன்று குறையாதிருக்கலாம், காவல் குறைந்துவிடும். அதன் பயனைச் சில ஆண்டுகள் கழித்துக் காரின் கூரையிலும் முன்மூடியிலும் காணலாம். தெளிபூச்சு வெண்மையாகிச் செதிள் செதிளாக உரிந்துவரும். அந்நிலை வந்தபின் எந்தப் பொலிஷும் உதவாது. புதிதாகப் பெயின்ற் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனி, கீறலைப் போக்குவதென்றால் என்னவென்று பார்ப்போம். பலர் நினைப்பது, பொலிஷ் என்பது கீறலை நிரப்பிவிடும் ஒரு மருந்து என்பது. உண்மை அதற்கு மாறானது. ஒரு வயலிற் குழி விழுந்துவிட்டது. அதை நிரப்ப மண் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குழி தெரியாமற் செய்ய வேண்டுமானால், சுற்றியுள்ள நிலத்தையெல்லாம் குழியின் அடிமட்டம் வரை வெட்டித் தாழ்த்த வேண்டும். கார்ப் பூச்சில் நடப்பதும் இதுவே. கீறலின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தெளிபூச்சைச் சுற்றிலும் சீவி எடுத்தால்தான் கீறல் முற்றாக மறையும். இது, பணம் எடுக்கலாம், போட முடியாது என்ற விதியுள்ள வங்கிக் கணக்குப் போன்றது. ஒவ்வொரு மெருகும் அக்கணக்கிலிருந்து எடுக்கும் ஒரு தொகை.

எவர்சில்வர்க் குவளையில் ஒரு பாடம்

கார் முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமான கீறல்கள் வெயிலிலே தெரிவதைப் பலரும் கண்டிருப்பர். “யாரோ வட்டமாகத் துடைத்ததால் வந்த வினை” என்று வீட்டார் கூறுவர். மாணவர்கள் இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நாட்பட்ட எவர்சில்வர்க் குவளை ஒன்றையோ தட்டு ஒன்றையோ எடுத்து மின்விளக்கின் கீழ்ப் பிடியுங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்டமான கீறல்கள் தோன்றும். தட்டை மெல்ல நகர்த்துங்கள். அந்த வட்டங்களும் விளக்கின் பிம்பத்தோடு நகர்ந்து செல்லும்! கீறல்கள் உண்மையில் வட்டமாயிருந்தால் அவை இடம் மாறுமா?

உண்மை யாதெனில், அங்கே கீறல்கள் எத்திசையிலும் ஒழுங்கின்றிக் கிடக்கின்றன. விளக்கிலிருந்து வரும் ஒளியை நம் கண்ணை நோக்கித் தெறிக்கச் செய்யும் நிலையில் உள்ளவை மட்டுமே நமக்குத் தெரிகின்றன. பிம்பத்தைச் சுற்றி ஒவ்வோரிடத்திலும் குறுக்காகக் கிடக்கும் கீறல்களே அந்நிலையில் உள்ளன. அவை ஒன்று சேர்ந்து வட்டம்போலக் காட்சி தருகின்றன. எஞ்சியவை கண்ணுக்கு மறைந்து நிற்கின்றன. ஆகவே நாம் காண்பது இருப்பதில் ஒரு பகுதியே. மேகமூட்டமான நாளில் மாசற்றதாகத் தோன்றும் கார் நண்பகல் வெயிலில் நம்மை நாணச் செய்வது இக்காரணத்தாலேயே. டீற்றெயிலிங் செய்வோர் ஒற்றை விளக்கைக் கையிற் பிடித்துப் பல கோணங்களிலிருந்து ஆராய்வதும் இதற்காகவே.

தேய்க்குமுன் தேர்தல்

நல்ல வைத்தியர் நோயாளியைக் கண்டவுடன் கத்தியை எடுப்பதில்லை. அதுபோல நல்ல கைவினைஞரும் காரைக் கண்டவுடன் இயந்திரத்தை எடுப்பதில்லை. பதினைந்து வயதுடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அவரிடம் வருகிறதென்று கொள்வோம். முதலில் அவர் செய்வது கழுவுதல். மண்ணும் மணலும் முற்றாக நீங்காத பூச்சிற் கை வைத்தால், கையே அரத்தாளாகிவிடும்.

கழுவியபின்னும் தடவிப் பார்த்தால் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். தார்த் துளிகள், மரப்பிசின், பிரேக்கிலிருந்து பறந்துவந்து பூச்சிற் பதிந்த இரும்புத் துகள்கள் ஆகியவையே அதற்குக் காரணம். விரைந்தோடி வன்மையாக நிறுத்தப்படும் ஸ்போர்ட்ஸ் கார்களில் இரும்புத் துகள் மிகுதி. இதனை நீக்கும் திரவம் ஒன்றைத் தெளித்தால், இரும்பு உள்ள இடங்களில் அது ஊதா நிறமாகி ஒழுகும். எஞ்சியதைப் பிசைந்த மாப்போன்ற மென்களிமண் ஒன்றினால், சவர்க்கார நீர் விட்டு, வழித்தெடுப்பர். இவ்வளவும் செய்தபின், கெட்டுவிட்டது என்று கருதிய வர்ணத்தின் குறைகளிற் சில வெறும் அழுக்கே என்பது தெரியவரும்.

அடுத்தது அளத்தல். பெயின்றின் தடிப்பை அளக்கும் சிறு கருவி ஒன்றுண்டு. இரும்புத் தகட்டின்மேல் அது காந்தத் தூண்டலினாலும், அலுமினியத் தகட்டின்மேல் மின்னோட்டச் சுழிகளினாலும் அளக்கும். எனினும் இரண்டும் எல்லாக் கார்களுக்கும் பொருந்தா. 1953ஆம் ஆண்டு அமெரிக்காவில் முதன்முதலாக வெளிவந்த கொர்வெட் ஸ்போர்ட்ஸ் கார்கள் முந்நூறும் கண்ணாடி நாரினாலாகிய உடலைக் கொண்டவை. அவ்வகை உடலில் காந்தத்துக்கு வேலையில்லை. அங்கே செவிக்கு எட்டாத ஒலியலைகளைச் செலுத்தி அளக்கும் கருவியே வேண்டும்.

கருவி காட்டும் எண்கள் ஒரு காரின் வரலாற்றையே கூறவல்லவை. எங்கும் 120 மைக்கிரோன் காட்டிய கருவி, ஒரு கதவில் மட்டும் 300 என்று காட்டினால், அக்கதவு ஒருமுறை மீண்டும் பெயின்ற் அடிக்கப்பட்டிருக்கிறது எனலாம். ஆயிரத்தைத் தாண்டினால், உள்ளே நெளிவை மறைத்துப் புட்டி பூசப்பட்டிருக்கிறது. ஓரிடத்தில் 80 என்று வந்தால், அதுவே அபாய அறிகுறி. முன்னொருவர் அங்கே அளவுக்கு மிஞ்சித் தேய்த்துவிட்டார். இன்னுமொரு நுட்பமும் உண்டு. சாதாரணக் கருவி நான்கு படைகளின் மொத்தத் தடிப்பையே சொல்லும். தெளிபூச்சு மட்டும் எவ்வளவு மிஞ்சியுள்ளது என்று சொல்லாது. அதனை அனுபவத்தைக் கொண்டு மதிப்பிட வேண்டும். இத்தொழிலில் இயந்திரத்தை ஓட்டுவதிலும் இந்த மதிப்பீடே கடினம்.

மூன்றாவது, ஒவ்வொரு காயத்தையும் ஆழத்தால் வகைப்படுத்தல். நகத்தைக் குறுக்காக ஓட்டினால் தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் தேய்த்து நீக்கத் தக்கது. நகம் தட்டுப்பட்டு நின்றால் கீறல் ஆழமானது. அதை முற்றாகப் போக்க முயன்றால் தெளிபூச்சுத் தீர்ந்துவிடக்கூடும். அடிப்பூச்சோ தகடோ தெரிந்தால் அங்கே தேய்ப்புக்கு இடமே இல்லை. தாழ்ந்த மூக்குடைய ஸ்போர்ட்ஸ் கார்களின் முன்புறத்தில் கல் தெறித்து இத்தகைய புள்ளிகள் பல உண்டாகும். அவற்றுக்குத் துளித் துளியாக வர்ணமும் தெளிபூச்சும் இட்டு, உலரவிட்டு, 2000ஆம், 3000ஆம் இலக்க நுண்ணிய அரத்தாளினால் நீர்விட்டுச் சமப்படுத்துவர்.

நீலக்கல்லின் உறவு

இனித் தேய்ப்பு. இதற்குப் பயன்படும் பசைகளிற் பெரும்பாலானவற்றில் உராயும் பொருளாக இருப்பது அலுமினியம் ஒட்சைட்டு. இப்பெயரைக் கேட்டு அந்நியமென்று கருத வேண்டாம். இரத்தினபுரி மண்ணிலே கிடைக்கும் நீலக்கல்லும் மாணிக்கமும் பளிங்குருவான அலுமினியம் ஒட்சைட்டே ஆகும். அதே பொருள் மாவிலும் நுண்ணிய பொடியாகப் பசையில் இருக்கிறது. வைரத்துக்கு அடுத்த நிலையிலுள்ள அதன் கடினத்தின்முன் தெளிபூச்சு மிக மெத்தென்றது. இரத்தினம் பட்டை தீட்டுவோர் நன்கறிந்த உண்மை ஒன்று இங்கும் பொருந்தும்: தீட்டத் தீட்ட ஒளி கூடும்; நிறை குறையும். கல்லின் ஒவ்வொரு கரட்டையும் எண்ணிப் பார்த்தே அவர்கள் சக்கரத்தில் வைக்கிறார்கள்.

இயந்திரங்கள் இருவகை. ஒன்று, ஒரே அச்சிற் சுழல்வது. வேகமாக வெட்டும், ஆனால் ஓரிடத்திற் சிறிது தங்கினால் சூடேறித் தெளிபூச்சைச் சுட்டுவிடும். மற்றது, சுழன்றுகொண்டே அசைந்தாடுவது. கையை அழுத்தினால் அதன் சுழற்சி நின்றுவிடுமாதலால் பிழை நேர்வது அரிது. ஆட்டுமயிர், நுண்ணிழைத் துணி, கடற்பஞ்சு போன்ற நுரைமெத்தை என்று தேய்க்கும் வட்டுக்களும் பலவகை. முன்னவை வன்மையானவை, பின்னவை மென்மையானவை.

தொழிலறிந்தவர் காரின் ஒரு சாணளவு இடத்தைத் தேர்ந்து முதலிற் பரீட்சை செய்வார். மென்மையான பசையும் மென்மையான வட்டும் கொண்டே தொடங்குவார். அது போதுமானால் அதனோடு அமைவார். போதாதென்று கண்டால்தான் ஒருபடி வன்மையானதை எடுப்பார். உடலின் கூரிய மடிப்புகளிலும் விளிம்புகளிலும் காகித நாடா ஒட்டி மறைப்பார். விசிறி அடித்த பூச்சு உலருமுன் விளிம்பைவிட்டு விலகி ஓடும் இயல்புடையது. எனவே அங்கே படை மெலிந்திருக்கும். ஸ்போர்ட்ஸ் காரின் அழகே அக்கூரிய மடிப்புகளில் இருக்க, அதன் பலவீனமும் அங்கேயே இருப்பது வியப்பன்றோ? ஒரு முறை மென்மையாகத் தேய்த்தால் ஒன்று முதல் மூன்று மைக்கிரோன் வரையே குறையும். அரத்தாள் இட்டுத் தேய்த்தாலோ அதனிலும் பன்மடங்கு போகும். தெளிபூச்சில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அளவு வந்ததும் தொழிலறிந்த பலர் கையை நிறுத்திவிடுவர். பதினைந்து வயதுக் காரொன்றில், அதற்குமுன் எத்தனை பேர் எத்தனை முறை எடுத்துவிட்டனர் என்பதையும் இதனோடு கூட்டிக் கணக்கிட வேண்டும்.

பழைய ஒற்றைப் பூச்சுக் காருக்கோ பக்குவம் வேறு. அங்கே பூச்சு வறண்டு கிடக்கிறது. எண்ணெய்ச் சத்து நிறைந்த மெருகுப் பசையைத் தாராளமாகத் தடவி, ஊறவிட்டு, கையினாலேயே துடைத்தெடுத்துச் சில முறை திரும்பச் செய்வர். வெளிறிய சிவப்பு மெல்ல மெல்லக் கருஞ்சிவப்பாக ஆழம்பெறும். அவசரப்பட்டு இயந்திரத்தை ஓட்டினால், மிஞ்சியிருக்கும் நிறமும் வட்டோடு போய்விடும்.

மறைத்தலும் நீக்கலும்

இங்கே வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆற்றங்கரைக் கூழாங்கல் ஒன்றை நீரில் நனைத்தால் அதன் நிறம் எடுப்பாகிப் பளபளக்கும். காய்ந்தால் பழையபடி வெளிறும். கல்லின் நுண்பள்ளங்களில் நீர் நிறைந்து, ஒளி சிதறுவதைக் குறைப்பதே இதன் மருமம். கார்ப் பூச்சின் முறிவுச் சுட்டிக்கு நெருங்கிய முறிவுச் சுட்டி உடைய எண்ணெயையோ மெழுகையோ கீறலில் நிரப்பினால், கீறல் அப்படியே இருக்கக் கண்ணுக்கு மட்டும் மறைந்துவிடும். மண்ணெண்ணெய் துணியால் துடைத்த பழைய கார் அன்று மாலை மட்டும் புதிதாகத் தோன்றுவதும் இந்த வித்தையே.

சிலர் இம்மறைப்பையே திருத்தமென்று கூறிக் கூலி பெற்றுவிடுவர். கார் வீட்டுக்கு வரும்போது கண்ணாடிபோல மின்னும். நாலு முறை கழுவியபின் கீறல்கள் மீண்டும் தலைகாட்டும். நேர்மையான கைவினைஞர் தேய்த்து முடித்ததும், ஐசோபுறொப்பைல் அற்ககோல் கலந்த நீரால் அவ்விடத்தைத் துடைத்து, எண்ணெய்ப் பசையை முற்றாக அகற்றி, வெயிலில் நிறுத்திக் காட்டுவார். காரைத் திரும்பப் பெறுவோர் இவ்வொரு சோதனையைக் கேட்டுப் பெறுவது நலம். ஆயினும் மறைத்தல் எப்போதும் வஞ்சகமன்று என்பதையும் சொல்ல வேண்டும். தெளிபூச்சு மிக மெலிந்த காருக்கு, கீறலை நீக்காமல் நல்ல மெழுகினால் மறைத்து வைப்பதே தருமம். “நீக்கவில்லை, மறைத்திருக்கிறேன்” என்று சொல்லிச் செய்கிறாரா என்பதிலேதான் நேர்மை இருக்கிறது.

எங்கே நிறுத்துவது?

இப்போது தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு வருவோம். புதிதாகப் பெயின்ற் அடித்துவிட்டால் என்ன? பணமுள்ளவர்க்கு அது எளிது. ஆனால் தொழிற்சாலையில், உடலை மட்டும் தனியே நிறுத்தி, உயர்ந்த வெப்பத்திற் சுட்டு இறுக்கிய பூச்சைக் கராஜில் அப்படியே மீண்டும் பெறுதல் அரிது. கண்ணாடியும் இறப்பரும் மின்கம்பியும் பொருத்தப்பட்ட காரை அவ்வெப்பத்தில் வைக்க இயலாது. மேலும், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் முதற்பூச்சு அதன் பிறப்புச் சாட்சிப் பத்திரம் போன்றது. கிழித்துவிட்டு மறுபடி அழகாக எழுதிக்கொள்ளலாம். ஆனால் அது பிரதியே ஆகும்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மூளை, நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணராக விளங்கிய டாக்டர் பிரெட் சிமியோன் என்பவர், பழைய பந்தய ஸ்போர்ட்ஸ் கார்களைத் தேடிச் சேர்த்து, 2008ஆம் ஆண்டு அந்நகரில் நூதனசாலை ஒன்றை மக்களுக்குத் திறந்துவைத்தார். 2022ஆம் ஆண்டு அவர் காலமானார். பழைய கார்களைப் புத்தம் புதியனபோலச் செய்வதை விரும்பாதவர் அவர். கிடைத்த நிலையிலேயே காத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அங்குள்ள செல்பி கோப்ரா டேற்றோனா என்னும் கார், ஆறே ஆறாகச் செய்யப்பட்ட இனத்தின் முதலாவது. 2014ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் முதலாவதாகப் பதியப்பெற்ற காரும் அதுவே. அது புதுப்பெயின்ற் பூசி இளமையாக்கப்படாமல், காலத்தின் தழும்புகளோடு நிற்கிறது.

கத்தியைக் கையாண்டே வாழ்ந்த ஒருவர், எதை வெட்டாமல் விடுவது என்பதில் இத்தனை கருத்தாயிருந்தமை எண்ணத் தக்கது. ஒரு காரை நூறு வீதம் மாசற்றதாக்க முனைபவர், அதன் எதிர்காலத்தைச் செலவிட்டே அதைச் செய்கிறார். எண்பது, தொண்ணூறு வீதம் திருத்தி, “இந்த ஆழமான கீறல் இருக்கட்டும், இதை எடுத்தால் கார் தாங்காது” என்று உடைமைக்காரரிடம் துணிந்து சொல்பவரே இத்தொழிலிற் கைதேர்ந்தவர். அவ்வாறு சொல்வதால் அவருக்குக் கூலி குறையலாம். காருக்கு ஆயுள் கூடும்.

நம் வீட்டு முற்றத்தில்

நிற்க. ஸ்போர்ட்ஸ் காருக்குப் பொருந்தும் இவ்விதிகள் நம் வீட்டு முற்றத்தில் நிற்கும் சிறிய காருக்கும் பொருந்தும். நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் தொடங்கியது. அந்த ஆண்டுகளிற் பழைய காரைப் பேணுதல் விருப்பமாக இராது கட்டாயமாகவே இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின், மொறிஸ் கார்களைத் தலைமுறை தலைமுறையாக ஓட்டிவந்த பெரியோர்க்கு இது புதிய பாடமன்று.

கீறலை நீக்குவதிலும் வராமற் காப்பது மேல். உலர்ந்த துணியால் தூசு தட்டுவதும் நுண்கீறல்களுக்குக் காரணமாகும். காரைக் கழுவும்போது இரண்டு வாளிகள் வையுங்கள். ஒன்றிற் சவர்க்கார நீர், மற்றதில் துணியை அலசும் வெறும் நீர். மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். மண் மிகுந்த கீழ்ப்பகுதிக்கு வேறு துணி கொள்ளுங்கள். வெயிலிற் கழுவாதீர்கள். குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கல்லினூடாக வருவது. கேத்தலின் அடியிற் படியும் வெண்படிவே காரிலும் துளித் துளியாகக் காய்ந்து கறையாகும். ஆதலால் கழுவியவுடன் மென்துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள்.

பறவை எச்சத்தை மறுநாள் வரை விட்டுவைக்கலாகாது. வெயிலிற் பூச்சு விரிந்து இளகி, இரவிற் குளிர்ந்து இறுகும்போது எச்சத்தின் வடிவை அப்படியே ஏற்றுக்கொண்டுவிடும். ஈரத்துணியைச் சிறிது நேரம் அதன்மேல் இட்டு, ஊறியபின் எடுத்தல் வேண்டும்; காய்ந்ததைச் சுரண்டலாகாது.

விளம்பரங்களிற் காணும் ‘செறமிக்’ காப்பு ஒன்றிரண்டு மைக்கிரோன் தடிப்பே உடையது. நீரும் அழுக்கும் ஒட்டாமல் வழுக்கிவிழ அது உதவும், கல்லடியைத் தடுக்காது. கல்லைத் தடுக்க வேண்டுமானால், 150 முதல் 200 மைக்கிரோன் தடிப்புள்ள பொலியூறேத்தேன் மென்தாளை ஒட்டுதல் வேண்டும். தொழிற்சாலையிற் பூசிய நான்கு படைகளினும் தடித்த கவசம் அது, விலையும் அதற்கேற்றதே.

இவை ஒன்றும் இயலாதோர்க்கு நிழலும், நல்ல நீரும், மென்மையான துணியும், அவ்வப்போது சிறிது மெழுகும் போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவி முடித்ததும் வீட்டுப் பிள்ளைகளை அழைத்து, ஒரு சிறு விளக்கைக் கையிற் கொடுத்து, வர்ணத்தின்மேல் அதைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிம்பத்தைச் சுற்றி எழும் வட்டங்கள் ஏன் விளக்கோடு நகர்கின்றன என்று அவர்கள் கேட்கட்டும். விடை உங்களுக்குத் தெரியும்.